ஏழாம் புள்ளி

நான் செய்த துரோகத்துக்கு முதல் வகுப்புத் தேர்ச்சி கிடைத்தது.

கொழும்பில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் படித்தேன். இறுதியாண்டு ஆய்வுக்கு மட்டக்களப்பு வாவியின் மீன்பிடியை எடுத்தேன். செட்டிபாளையத்து வாவிக்கரையில் தோணி வைத்திருந்த யோகம் அக்கா என்னை நம்பி எல்லாவற்றையும் சொன்னார். தடைசெய்த தங்கூசி வலை போடுவதைக்கூட மறைக்கவில்லை.

"பேர் வராதுதானே தங்கச்சி?"

"சத்தியமா வராதக்கா."

வரவில்லை. ஆய்வேட்டில் அவர் வெறும் 'மீனவர் 7'. ஆய்வு நெறியைக் காத்தேன் என்று பரீட்சகர்கள் பாராட்டினார்கள். பல்கலைக்கழக இணையத்தளத்திலும் ஆய்வேட்டைப் போட்டார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு, நன்றி சொல்ல ஆய்வேட்டின் ஒரு பிரதியோடு போனேன். அக்கா படலையைத் திறக்கவில்லை.

"என்னத்துக்கு இஞ்ச வந்த? அதிகாரிமார் வந்து வலையையும் தோணியையும் கொண்டு போயிட்டாங்க."

"நான் உங்கட பேரை எழுதலயேக்கா!"

படலைக்கு மேலால் பிரதியைப் பிடுங்கி, நான் வரைந்த வாவிப் படத்தை விரித்தார். வலை போடுகிறவர்களின் இடங்களில் எண்ணிட்ட சிவப்புப் புள்ளிகள் வைத்திருந்தேன். ஏழாம் புள்ளியில் விரலை ஊன்றினார்.

"இந்தப் படத்தோடதான் வந்தாங்க. யோகம் எண்டு எழுதியிருந்தா இந்த ஊரில பத்துப் பேர் இரிக்காங்க. இந்தக் கரையில நான் ஒருத்திதானே இரிக்கன்!"

பிரதி என் காலடியில் வந்து விழுந்தது.

அந்தப் படத்தைப் பல்கலைக்கழகத்தில் யாருமே கேட்கவில்லை. ஆய்வேடு பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நானாகத்தான் சேர்த்தேன்.