மீதி எழுத்துகளை யார் எடுத்தது?

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டாக இருக்க வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கோண்டாவிலில் உறவினர் ஒருவருடைய வீட்டின் பின்பக்க அறையில் நானும் மனைவியும் எங்கள் மூத்த மகளும் இருந்த காலம். நான் வேலை செய்த சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டு, சம்பளம் என்ற சொல்லே மறந்துபோயிருந்தது. மனைவி தையல் மெஷினை மிதித்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டாள்.

பிள்ளைகளே, அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. வானொலிக்குப் போடும் பற்றரி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்தது. ஆனால் செய்தி கேட்காமல் எங்கள் ஆட்களால் இருக்க முடியுமா? சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சுற்றிவர இருந்து கேட்போம். மிதி நின்றால் செய்தியும் நின்றுவிடும்.

எங்கள் வளவில் மிதிப்பவர் பக்கத்து வீட்டு அண்ணை. முட்டை வியாபாரி. நாள் முழுக்கச் சைக்கிள் ஓடுகிறவர், கால்கள் இரும்பு. ஆனால் மனம் மட்டும் பஞ்சு. கவலையான செய்தி வரப்போகிறது என்று தெரிந்தால் அவருடைய கால் தானாக ஓய்ந்துவிடும். சந்தோஷமான செய்தி என்றாலும் வாயைப் பிளந்துகொண்டு மிதிக்க மறந்துவிடுவார். ஆகவே முக்கியமான செய்தி எதுவும் எங்களுக்கு முழுதாகக் கிடைத்ததில்லை. முக்கியமான சொல் எப்போதும் பாதியில் செத்துவிடும்.

ஒருநாள் பின்னேரம் செய்தி வாசிப்பவர், "அரிசி ஏற்றிய கப்பல் பருத்தித்துறை நோக்கிப் புறப்ப…" என்றார். அண்ணையின் கால் நின்றது.

"புறப்பட்டிட்டுது!" என்று நான் துள்ளி எழுந்தேன். "இஞ்சேரும், இண்டைக்கு வயிறாரச் சமையும். இருக்கிற அரிசி முழுக்கப் போடும்!"

மனைவி அசையவில்லை. "பொறுங்கோப்பா. அண்ணை, நீங்கள் மிதியுங்கோ. அடுத்த வசனத்தைக் கேப்பம்."

அண்ணை மிதித்தார். "…மாலுமிகள் தொடர்ந்தும் திருகோணமலையிலேயே தங்கியுள்ளனர்" என்றது வானொலி.

"பாத்தீங்களே? கப்பல் வெளிக்கிட்டா மாலுமி என்னத்துக்குத் திருகோணமலையிலை நிக்கிறான்? புறப்படேல்லை எண்டுதான் சொல்லியிருக்கிறாங்கள்," என்றாள் மனைவி. "நீங்கள் உங்கடை ஆசையை வைச்செல்லோ மிச்சத்தை நிரப்பிறியள்."

அண்ணை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, நான் காலாலை கேக்கிறன், நீர் மூளையாலை கேக்கிறீர். உம்மடை மனுசன் வயித்தாலை கேக்கிறார்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டு நிவாரண நிறுவனம் ஒன்று ஆட்கள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். களஞ்சியத்தில் வேலை. மாதச் சம்பளம். ஒரேயொரு தடை, ஆங்கிலப் பரீட்சை. என் ஆங்கிலம் பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. அதுவும் நடந்து நிற்கவில்லை, விழுந்து நின்றது. ஆனால் இதை விட்டால் வேறு வழியும் இல்லை. மனைவியின் முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. எவ்வளவு காலத்துக்கு அவள் அந்த மெஷினை மிதிப்பாள்?

ஓர் அகராதியை இரவல் வாங்கினேன். முன்னும் பின்னும் பக்கங்கள் போய், நடு மட்டும் மிஞ்சிய அகராதி. அதில் நீளமான சொற்களாகப் பார்த்துப் பாடமாக்கினேன். சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவு புள்ளி வரும் என்பது என் கணக்கு. விறகு கொத்தும்போதும் "ரெஸ்பொன்சிபிலிற்றி", கிணற்றடியில் நின்றும் "மனுபக்சரிங்". முட்டை அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பிக்குச் சுகமில்லையோ?" என்று மனைவியிடம் விசாரித்தாராம்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நீள வாங்குகளில் நெருக்கமாக ஆட்கள் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், வெள்ளை வேட்டி, நெஞ்சுப்பையில் மூன்று பேனை. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தாள்களைக் கொடுத்தார். மொழிபெயர்க்க ஓர் இளைஞர் கூட நின்றார்.

தாளைப் பார்த்தேன். முதல் வசனம் முழுதாக இருந்தது. 'அது ஒரு நல்ல நாள்' என்று ஆங்கிலத்தில். அதற்குக் கீழே பார்த்தால் ஒன்று விட்டு ஒரு சொல்லுக்கு முன்பாதிதான் இருந்தது. பின்பாதிக்கு ஒரு கோடு. தாள் முழுக்க இப்படித்தான்.

மண்டபத்தில் மெல்லிய சலசலப்பு. பின் வாங்கிலிருந்து ஒருவர், "மை முடிஞ்சுபோச்சுப் போலை," என்றார்.

எங்களுக்கு அது ஆச்சரியமான விஷயமே இல்லை. அந்த நாளில் பத்திரிகையைக்கூடக் கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அடித்தார்கள். சவர்க்காரம் இல்லை, சீமெந்து இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. எழுத்து மட்டும் எப்படி மிஞ்சும்?

"எழுத்துக்கும் தடை போட்டிட்டாங்களோ?"

"ஓம், அரைவாசிதான் கொண்டுபோகலாம் எண்டு சொல்லியிருப்பாங்கள். மிச்சம் ஆனையிறவு ஆமிக் காம்பிலை நிக்கும்."

"நல்ல நாள் எண்டது மட்டும் வடிவாய் விழுந்திருக்கு, பாருங்கோவன்."

தபாலதிபர் எழுந்து நின்றார். மிகுந்த மரியாதையோடு, அழகான ஆங்கிலத்தில், அம்மா மனம் வருந்த வேண்டாம், இங்குள்ள கஷ்டம் எங்களுக்கும் தெரியும், தன் வீட்டில் பழைய மைப் போத்தல் ஒன்று இருக்கிறது, கொண்டுவந்து தரலாம் என்று சொன்னார். அந்தப் பெண்மணி விழித்தார். இளைஞர் அவரோடு கதைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஐயாமார், தாள் பழுதில்லை. கேள்வியே இதுதான். மிச்ச எழுத்துகளை நீங்கள்தான் போடவேணும்."

"அப்ப கேள்வி எழுதின ஆள் அரைவாசி வேலைதானே செய்திருக்கிறார்?" என்றது பின் வாங்கு. "முழுச் சம்பளம் எடுத்தவரோ?"

சிரிப்பு அடங்கியதும் தாளைத் திரும்பப் பார்த்தேன். நான் பாடமாக்கிய நீளச் சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் குட்டிக் குட்டிச் சொற்கள். ஒன்றில் 'ரி' மட்டும், இன்னொன்றில் 'டபிள்யூ, ஐ' மட்டும். முதலாவது இடைவெளியிலேயே முட்டிக்கொண்டு நின்றேன். நேரம் போனது. என்னை அறியாமல் வாங்குக்குக் கீழே என் கால்கள் மிதிக்கத் தொடங்கியிருந்தன. தபாலதிபர் திரும்பி என் முழங்காலைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு எங்கள் வளவு நினைவுக்கு வந்தது. அட, இது எங்கள் வானொலிதானே! ஒவ்வொரு நாளும் நாங்கள் எழுதுகிற பரீட்சைதானே! மனைவியின் குரல் காதில் கேட்டது: பொறுங்கோப்பா, அடுத்த வசனத்தைக் கேப்பம்.

பென்சிலை வைத்துவிட்டேன். எதையும் நிரப்பாமல், கடைசி வரி வரை ஒருதரம் வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கதை பிடிபட்டது. பள்ளிப் பிள்ளைகள் எங்கோ சுற்றுலா போகிறார்கள், ஒரு குளம் வருகிறது. மேலே 'டி, யு' என்று தொடங்கி நின்ற சொல் எனக்குப் புரியவில்லை. கீழே போனால் அதே சொல் முழுதாக நீந்திக்கொண்டிருந்தது, வாத்து! அதைப் பார்த்து மேலே எழுதினேன். குட்டிச் சொற்கள்தான் அதிகம், அவைதான் திரும்பத் திரும்ப வந்தன. தெரிந்ததை முதலில் போட்டேன். தெரியாததோடு மல்லுக்கட்டாமல் தாண்டிப் போனேன். பத்து நிரம்பியதும், முன்னர் தெரியாமல் கிடந்ததில் பாதி தானாகத் தெரியவந்தது.

ஓர் இடத்தில் மட்டும் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடினார்கள் என்று இருந்தது. எங்கே ஓடினார்கள்? 'பி, யு', பிறகு கோடு. மணி என்றதுமே சுற்றுலா எனக்கு மறந்துபோயிற்று. இதுகூடத் தெரியாதா? பெரிய எழுத்தில் 'பங்கர்' என்று எழுதினேன். பங்கர் என்றால் குண்டு போட விமானம் வரும்போது ஒளிப்பதற்கு வளவில் வெட்டிய குழி. பள்ளிக்கூடத்திலும் இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் மணி அடிப்பார்கள், பிள்ளைகள் அதற்குள் ஓடுவார்கள். என் மகள் எத்தனை தரம் ஓடியிருப்பாள்.

எழுதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனேன். பிள்ளைகள் யன்னல் ஓரமாக இருந்து தாய்மாருக்குக் கை காட்டினார்கள்.

பங்கருக்கு ஏது யன்னல்?

மீண்டும் வாசித்தேன். யன்னல்தான். திடீரென்று விளங்கியது. அது பஸ். மணி அடிக்க, பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். அப்படியும் ஒரு மணி உண்டு.

அழிக்கப் பார்த்தால் அழிறப்பர் இல்லை. அழிப்பதற்கென்று மகள் தந்துவிட்ட பழைய செருப்புத் துண்டுதான் சட்டைப்பையில் இருந்தது. அதால் தேய்த்தேன். பென்சிலில் எழுதியிருந்தும் 'பங்கர்' போகவில்லை, கரியாகப் பரவி நின்றது. அதற்கு மேலேயே 'பஸ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் எல்லாரும் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விடாமல் பங்கர். "நான் பஸ் எண்டு போட்டனான்," என்று சொல்லி வாய் மூடவில்லை, பிடித்துக்கொண்டார்கள்.

"பஸ்ஸோ? மண்ணெண்ணெய்க்கே வழியில்லை, ஆரப்பா பஸ் ஓடினது?"

"அதிலை யன்னல் எண்டு கிடக்குதண்ணை."

"எங்கடை பங்கரிலும் காத்து வர ஓட்டை விட்டிருக்கு. அதுதான் யன்னல்."

"தாய்க்குக் கை காட்டினதெண்டு கிடக்கே?"

இதற்கு மட்டும் தபாலதிபர் யோசித்தார். தாடையைத் தடவினார். "அது பிழைதான்," என்றார். "தாய் எப்பிடி வெளியிலை நிப்பா? எங்கடை வீட்டிலை முதல் இறங்கிறதே மனிசிதான். கை காட்டுறதெண்டா நான்தான், இடமில்லாமல் வெளியிலை நிக்கிறனான்."

இரண்டு கிழமை கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் அதே வெள்ளைக்காரப் பெண்மணி. மேசையில் என் விடைத்தாள், அந்தக் கரிப் புள்ளி மேலே தெரிய. இளைஞர் மூலமாகக் கேட்டார். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் பங்கர் என்று இருக்கிறது. பார்த்து எழுதினார்களோ என்று சந்தேகப்பட்டாராம். என் தாளில் மட்டும் இரண்டும் இருக்கிறது. ஏன் எழுதினீர், ஏன் அழித்தீர்?

தமிழில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆங்கில வேலைக்கல்லவா வந்திருக்கிறேன்? எழும்பி நின்று, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் திரட்டி, "மேடம். பங்கர், நோ விண்டோ. பஸ், விண்டோ," என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு நின்றது. அண்ணையின் கால் நின்றதுபோல. பிறகு மெதுவாகக் கேட்டார், உங்கள் வீட்டிலும் இருக்கிறதா?

"யெஸ் மேடம். குட் பங்கர்," என்றேன். வீட்டில் கார் இருக்கிறதா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னேன்.

அவர் பேனையை எடுத்து மற்றத் தாள்களைத் திருப்பிக்கொண்டு வந்தார். இளைஞர் பிறகு என்னிடம் சொன்னார், பங்கர் என்று எழுதிய எல்லாருக்கும் அந்தக் கேள்விக்குப் புள்ளி கொடுத்துவிட்டாராம். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். ஊரில் நான் ஒருவன்தான் சரி எழுதியிருந்தேன், அந்தப் பெருமையும் போயிற்று! ஆனாலும் வேலை கிடைத்தது. தபாலதிபருக்கு அலுவலக மேசை, எனக்குக் களஞ்சியத் திறப்புக் கொத்து. முதல் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்து, "பொறுங்கோ எண்டு சொன்னதுக்கு," என்று மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, "மெஷின் மிதிக்கிற கால் இண்டைக்கு லீவு," என்றாள். முட்டை அண்ணை வேலிக்கு மேலால், "அப்ப வானொலி மிதிக்கிற காலுக்கு ஒண்டுமில்லையோ?" என்று கேட்டார்.

அன்று பின்னேரம் மகளிடமும் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். மணி அடிச்சுது, பிள்ளையள் எங்கை ஓடினவை? விளையாடிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல், "பங்கருக்கு," என்றாள். இவ்வளவு சின்ன விஷயத்தை அப்பா ஏன் கேட்கிறார் என்பதுபோல.

பிள்ளைகளே, பரீட்சையில் பாதிச் சொல் வந்தால் பயப்படாதீர்கள். கடைசிவரை ஒருதரம் வாசியுங்கள். அவசரப்பட்டு உங்கள் மனதில் இருப்பதை எழுதாதீர்கள், அடுத்த வசனம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

எங்கள் கடைசி மகள் சண்டை முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடம் போனாள். அவளுக்கு ஆங்கிலம் படிப்பித்த ஒருநாள் அதே வசனத்தை, அதே இரண்டு எழுத்துகளோடு எழுதிக் கொடுத்தேன். அவள் தலையை நிமிர்த்தாமல் 'பஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள். நான் எழுதிப் பெற்ற புள்ளிகள் எல்லாவற்றையும்விட, அவள் யோசிக்காமல் எழுதிய அந்தச் சொல்தான் இன்றுவரை எனக்குப் பெரிய தேர்ச்சி.