நான்காம் நிபந்தனையில் ஓர் 'அல்லது'

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துத் திணித்திருக்கும் மெல்லிய தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தவர் யாராவது உண்டா? உண்டு. அந்த அச்சகத்தில் எல்லோரும் 'கமா அக்கா' என்று கூப்பிடும் பிழைதிருத்துபவள், இருபத்திரண்டு வருடங்களாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

மருந்து அட்டைப்பெட்டிகளும் விளக்கத் தாள்களும் அச்சடிக்கிற இடம் அது. எறும்புச் சாரை மாதிரி போகிற அந்த எழுத்துகளில் ஒன்றுகூட அவள் கண் படாமல் இயந்திரத்துக்குப் போகாது. ஒருமுறை குழந்தைகளின் இருமல் மருந்துத் தாளில் ஒரு புள்ளி விடுபட்டு, ஒன்றரை மில்லி பதினைந்து மில்லியாகிவிட்டிருந்தது. அவள்தான் பிடித்தாள். அதிலிருந்து முதலாளியே அவள் மேசையைக் கடக்கும்போது செல்போனில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

வீட்டில் மட்டும் அந்த மரியாதை கிடையாது. கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். "கல்யாணம் பேசின புதுசுல உருகி உருகி ஒரு லெட்டர் போட்டேன். நாலு எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில சுழிச்சு எனக்கே திருப்பி அனுப்பினா. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று பக்க அறிவிப்பு ஒன்று தொங்கியது. எல்லோரும் விரலை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். கமா அக்கா நின்றுவிட்டாள். பொடி எழுத்தைக் கண்டால் அவள் கால் தானாக நின்றுவிடும்.

தொழிலாளர்களுக்கென்று அங்கே ஒரு நல நிதி உண்டு. வைத்தியச் செலவும் ஓய்வூதியமும் அதிலிருந்துதான். அந்த நிதி, அச்சகத்தின் பழைய கிடங்கை முதலாளியிடமிருந்து வாங்கி, கீழே தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு கிளினிக் வைத்து, மாடியை வாடகைக்கு விடப் போகிறதாம். ஆனால் தொழிலாளர் நிதி தன் முதலாளியிடமே எதையும் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே இந்த ஒரு தடவைக்கு மட்டும் விதிவிலக்கு கேட்டு, நிதிகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போயிருந்தது. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் முப்பது நாளுக்குள் கருத்து எழுதலாம் என்று கடைசியில் ஒரு வரி.

விதிவிலக்குக்கு ஆறு நிபந்தனைகள். நான்காவதை அவள் இரண்டு தடவை படித்தாள். 'கட்டடத்தின் விலையைச் சுயேச்சையான மதிப்பீட்டாளர் அல்லது நிறுவனத்தின் கணக்குப் பிரிவு சான்றளிக்க வேண்டும்.'

விற்கிறவரே விலையும் சொல்லலாம் என்றல்லவா ஆகிறது?

மத்தியான இடைவேளையில் அறிவிப்பின் நகலோடு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், நாலாவது நிபந்தனையில 'அல்லது'ன்னு இருக்கு. அது வேணும்னே போட்டதா, இல்ல 'மற்றும்'னு வர வேண்டியதா?"

மேனேஜர் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "வக்கீல் எழுதினதும்மா. நானும்தான் கையெழுத்துப் போட்டேன். சத்தியமா இது என் கண்ணுல படலை."

"மாத்திடலாமா சார்?"

"இங்கேருந்து போயிடுச்சே. இனி அவங்கதான் மாத்தணும். நீங்க வேணா எழுதுங்க. அதுக்குத்தானே முப்பது நாள் குடுத்திருக்காங்க!"

விஷயம் சாப்பாட்டு மேசைக்கு வருவதற்குள் கை கால் முளைத்துவிட்டது. காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்யும் 'கட்டிங் அண்ணன்' நேராக அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு. மாதம் இரண்டு தடவை இரண்டு பஸ் மாறி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறவர்.

"அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். கிளினிக் வர்றதே பெரிய விஷயம். நீங்க பாட்டுக்கு ஒரு கேள்வியைப் போட, அவங்க ஃபைலைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா?"

அவள் சோற்றைப் பாதியில் மூடிவைத்தாள். அவர் சொன்னதில் தப்பென்று எதைச் சுழிப்பது? இரண்டு நாள் அந்த அறிவிப்பையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

மூன்றாம் நாள், அறிவிப்பின் முதல் பக்கத்தில் இன்னொரு வரி உறுத்தியது. 'நிதியின் உறுப்பினர் அனைவருக்கும் தெரிவிக்கப்பட்டுள்ளது.' அனைவருக்குமா? ஓய்வு பெற்றவர்களும் உறுப்பினர்கள்தானே! பைண்டிங் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கும் தோழிக்குப் போன் போட்டாள்.

"நோட்டீஸா? எந்த நோட்டீஸ்?" என்றாள் பைண்டிங்காரம்மா. "நான் வேலையை விட்டு ஆறு வருஷமாச்சு. உங்க பஞ்சிங் மிஷின் சுவரை நான் எங்கடி வந்து பாக்கறது?"

எழுதத்தான் வேண்டும் என்று அப்போது முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபமாக இருந்தது. எழுதுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. இத்தனை வருடத்தில் அடுத்தவர் வாக்கியங்களை ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறாள். சொந்தமாக ஒன்று எழுதியதில்லை. 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பிப்பாள், அடிப்பாள். முதல் வரியைத் திருத்தி முடிப்பதற்குள் இரண்டாம் வரிக்கு வைத்திருந்தது மறந்துவிடும். ஒரு வாரத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் காலி.

"இப்படியே போனா முப்பது நாள் இல்ல, மூணு வருஷம் குடுத்தாலும் பத்தாது" என்றார் கணவர். "நாளைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு என் கூட வா."

பள்ளி விடுவதற்கு அரைமணி முன்பே வேன் வாசலில் வந்து நின்றுவிடும். அந்த அரைமணியில் அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, தான் ஸ்டீயரிங்மேல் தாளை விரித்துக்கொண்டார்.

"நான்தான் அந்த ஆபீசர். எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லு."

"நீங்க ஆபீசர் மாதிரியா இருக்கீங்க?"

"ஏன், எனக்கென்ன குறைச்சல்? சொல்லும்மா, பெல் அடிச்சிடும்."

சொன்னாள். சாப்பாட்டு மேசையில் பேசுகிற மாதிரிதான் சொன்னாள். 'சுயேச்சை' என்பதை அவர் எப்படி எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கத் துடித்த கழுத்தை வலுக்கட்டாயமாக ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெல் அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பதினொரு பிழைகளைத் திருத்தினாள். வாக்கியங்களில் கை வைக்கவில்லை.

'இந்தக் கிளினிக் எங்களுக்கு வேண்டும். விதிவிலக்கு கொடுங்கள். ஆனால் நான்காம் நிபந்தனையில் உள்ள "அல்லது" என்ற சொல்லைப் பாருங்கள். அது இருந்தால் விற்பவரே விலை சொல்லலாம். எங்கள் முதலாளி அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. யாரும் செய்ய முடியாதபடி எழுதிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்து, ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை. அவர்கள் வீட்டுக்குத் தபால் அனுப்புங்கள்.' அவ்வளவுதான் கடிதம்.

தபாலில் சேர்க்கும் முன் கட்டிங் அண்ணனிடம் காட்டினாள். அவர் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். முதல் வரியில் கொஞ்ச நேரம் நின்றார்.

"வேண்டும்னு முதல்லயே போட்டுட்டீங்களா?"

"பின்னே? எனக்கும்தான் வேணும்."

"பேனாவைக் குடுங்க" என்று அடியில் தன் கையெழுத்தையும் போட்டார். அன்று மாலைக்குள் பதினேழு கையெழுத்துகள் சேர்ந்தன. இருபத்தாறாம் நாள் பதிவுத் தபாலில் போனது.

மூன்று வாரம் கழித்து வேலை நேரத்தில் போன் வந்தது. அந்த அலுவலகத்தில் கோப்பைப் பார்க்கும் ஓர் அதிகாரி. இளம்பெண்ணின் குரல்.

"நாலாவது நிபந்தனை பத்தி எழுதினது நீங்கதானேம்மா? நாங்க மூணு பேர் படிச்சோம், மூணு பேருமே தாண்டிப் போயிட்டோம். நீங்க வக்கீலா?"

"இல்லம்மா. மருந்துப் பெட்டிக்குள்ள இருக்கிற தாளைப் படிக்கிறவ."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர், முகவரிகள் யாரிடம் இருக்கும் என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.  

அடுத்து அறுபத்து மூன்று வீடுகளுக்குத் தபால் போயிற்று. அவர்களுக்கென்று தனியாக இன்னொரு முப்பது நாள் கொடுத்தார்கள். பைண்டிங்காரம்மா தன் பங்குக்கு ஒரு கருத்து எழுதினாள்: கிடங்கு வாசலில் ஐந்து படி இருக்கிறது, முட்டிவலிக்காரர்கள் எப்படி ஏறுவது? அது இந்த விதிவிலக்கின் வரம்புக்குள் வராது என்று அலுவலகம் பதில் போட்டது. அவளுக்கு ஒரே கோபம்.

இறுதி உத்தரவு வந்தபோது மேனேஜரே அவள் மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். 'ஒரு கருத்துரையாளர் சுட்டிக்காட்டியபடி, நான்காம் நிபந்தனையிலிருந்து "அல்லது நிறுவனத்தின் கணக்குப் பிரிவு" என்ற சொற்கள் நீக்கப்படுகின்றன. விதிவிலக்கு வழங்கப்படுகிறது.' 'மற்றும்' என்று மாற்றினாலே போதும் என்று அவள் நினைத்திருந்தாள். அவர்கள் அதையும்விட ஒழுங்காகத் திருத்தியிருந்தார்கள். நல்ல திருத்தத்தைப் பார்த்தால் வருகிற சந்தோஷம் அவளுக்கு வந்தது.

சுயேச்சை மதிப்பீட்டாளர் வந்தார். சுவரைத் தட்டினார், ஏணி வைத்துக் கூரையில் ஏறினார், மூன்று இடத்தில் ஒழுகல் என்று குறித்தார். கூரையைச் சரிசெய்த பிறகே விற்க முடியும் என்றாகிவிட்டது. முதலாளி முகத்தைச் சுளித்தது உண்மைதான். ஆனால் மறுநாள் அவரே அவள் மேசையருகே நின்று, "என் கணக்குப் பிரிவு ஏணி மேல எல்லாம் ஏறியிருக்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளினிக் திறக்க ஒன்பது மாதம் ஆயிற்று. முதல் டோக்கன் கட்டிங் அண்ணனின் மனைவிக்கு. இரண்டாவதாக வந்தவள் பைண்டிங்காரம்மா. படிகளின் பக்கவாட்டில், சட்டம் சொல்லாமலே நிதிக் குழு கட்டிக் கொடுத்த சாய்தளத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். முட்டியைக் காட்டிவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு, அச்சகத்துக்குள் நுழைந்து கமா அக்காவின் எதிர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"வேலை இருந்தா பாருடி. மகள் அஞ்சு மணிக்குத்தான் வருவா. எனக்கு ஒரு டீ மட்டும் சொல்லிடு."