கடலிலையிருந்து தெரியாத வீடு

சிவபாதம் அண்ணை போயிட்டார்.

விடிய அவற்றை மகள் வட்டுக்கோட்டையிலையிருந்து வாட்ஸ்அப்பிலை போட்டிருந்தா. ரெண்டு வரிதான். தேத்தண்ணி ஆறிப்போச்சு, நான் அப்பிடியே இருந்திட்டன்...

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். அண்ணை படவரைஞர், வீட்டுக்கு பிளான் கீறுறவர். எண்பத்துநாலிலையிருந்து தொண்ணூறு வரைக்கும் யாழ்ப்பாணம் டவுனிலை ஒரு சின்ன ஒஃபிஸிலை அவரோடை வேலை செய்தனான். அவர் பென்சிலாலை கீறுவார், நான் அதை ற்றேசிங் பேப்பரிலை மையாலை எடுப்பன்.

ஒரு வளவைப் பாக்கப் போனா முதல் அளவுநாடாவை எடுக்கமாட்டார். மாரியிலை தண்ணி எங்கை நிக்கும், எந்த மரம் எத்தினை மணிக்கு எங்கை நிழல் விடும், சோளகக் காத்து எந்தப் பக்கத்தாலை வரும்... உதுகளைத்தான் கேப்பார். வீட்டுக்காரருக்குப் பொறுமை போயிடும்.

கைதடியிலை ஒரு வேம்புக்காகச் சுவரை வளைச்சார். மேசன் கோவிச்சுக்கொண்டு ரெண்டு நாள் வேலைக்கு வரேல்லை. மரத்தை நகத்தேலாது, கோட்டை நகத்தலாம் எண்டு சொல்லிப்போட்டு அண்ணை அழிறப்பரை எடுத்தார்.

பிறகுதான் மயிலிட்டி வீடு வந்தது.

பரமேஸ்வரி அக்கா. புருசனுக்கு மூண்டு வள்ளம். அவவுக்கு மேல்மாடி வீடுதான் வேணும். தொழிலுக்குப் போட்டு வாற ஆக்களுக்குக் கடலிலை வரேக்கையே வீடு தெரியவேணும் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டா.

அண்ணை அவவின்ரை புருசனோடை வள்ளத்திலை ஏறிப்போய், கடலுக்குள்ளை நிண்டு கரையைப் பாத்திட்டு வந்தார். சத்தியெடுத்து முகமெல்லாம் வெளிறிப்போய் வந்து இறங்கினது இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது. அங்கையிருந்து பாக்கப் பனையும் பூவரசும் அவ்வளவு வடிவாம், அதுக்கு மேலை ஒரு வெள்ளைப் பெட்டியை வைக்க என்ரை கை வராது எண்டிட்டார்.

மூண்டு மாசம் இழுபட்டது. கடைசியிலை அக்கா விட்டுக்குடுத்தா.

கடல் முருகைக்கல்லும் சுண்ணாம்பும்தான் சுவர். வாடைக்காத்து மேலாலை வழுக்கிப் போறமாதிரி, மரங்களுக்குக் கீழை பதிஞ்ச ஓட்டுக்கூரை. நிலம் சரியிற பக்கமே அறையளும் படிப்படியா இறங்கும், கூரைத் தண்ணி முழுக்க வாழைக்குப் போகும். சுவருக்கு வெள்ளை அடிக்கவும் விடேல்லை.

வீடு குடிபூரலண்டு ஒழுங்கை முடக்கிலை நிண்டு சனம் வீடு எங்கை எண்டு கேட்டது. அக்காவுக்கு அதிலை சிரிப்பு. பெருமையும்தான்.

தொண்ணூறிலை திரும்பச் சண்டை. கடல் பக்கமிருந்து ஷெல் வரத் தொடங்க, மயிலிட்டிச் சனம் ஒவ்வொரு குடும்பமா வெளிக்கிட்டுது.

ஒருநாள் மத்தியானம் அக்கா ஒஃபிஸுக்கு வந்தா. நாங்களும் போறதோ, இருக்கிறதோ எண்டு கேட்டா. வேறை ஆரிட்டைக் கேக்கிறது தம்பி, வீட்டைக் கீறினது நீங்கள்தானே எண்டா.

அண்ணை சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லேல்லை. பிளானை எடுத்து விரிச்சு, கனநேரம் பாத்தார்.

"கடலிலையிருந்து பாத்தாலும் மேலையிருந்து பாத்தாலும் உங்கடை வீடு தெரியாது அக்கா. பயப்பிடாமல் இருங்கோ."

நான் பக்கத்து மேசையிலை. ஓம் எண்டு நானும் தலையாட்டினன்.

அக்காவின்ரை முகம் தெளிஞ்சுபோச்சு. என்ரை மேசையிலை ஒரு பொட்டலம் கருவாட்டை வைச்சிட்டுப் போனா.

ஐஞ்சாம் நாள் செய்தி வந்தது... ஷெல். அக்கா அந்த இடத்திலேயே...

மிச்சக் குடும்பம் அளவெட்டியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை இருக்குது எண்டு கேள்விப்பட்டுப் போனம். அண்ணை வாசலோடை நிண்டிட்டார், உள்ளுக்கு வரக் கால் எடுக்கேல்லை. அக்காவின்ரை புருசன்தான் வெளியிலை வந்து அவற்றை கையைப் பிடிச்சார்.

"வீட்டுக்கு ஒண்டும் இல்லைத் தம்பி. ஒரு ஓடும் போகேல்லை. அவள் கிணத்தடியிலை நிண்டவள்."

குறையாச் சொல்லேல்லை. ஆறுதலுக்குத்தான் சொன்னவர். அதுதான் அண்ணையைச் சுட்டது...

பிளான் இருந்தாத் தாங்கோ எண்டு கேட்டார். வெளிக்கிடேக்கை வீட்டிலை எடுத்த ஒரு படமும் கொண்டுவரேல்லையாம்.

அண்ணை ஒறிஜினலையே குடுத்தார். குடுக்க முதல், அதிலை இல்லாத ஒண்டைப் பென்சிலாலை கீறினார். கிணத்தடியிலை அக்கா உடுப்புத் தோய்க்கிற கல்லு.

அதுக்குப் பிறகு அவர் வீடு கீறேல்லை. சீமெந்தும் வரேல்லை, வீடு கட்டவும் ஆக்கள் இல்லை. ஷெல்லுக்குப் பதுங்கப் பங்கர் போடத்தான் கூப்பிட்டவை. ஒஃபிஸ் பூட்டுப்பட்ட பிறகும் நான் சிலவேளை கூடப் போறனான்.

ஒவ்வொரு வளவிலையும் கிணத்தடியிலை நிண்டு எட்டு வைச்சு எண்ணுவார். பத்து எட்டுக்கு அங்காலை பங்கரைப் போக விடமாட்டார். வீட்டோடை இருந்தாத்தானே குழந்தை குட்டியோடை ஓடலாம் எண்டு சனம் சண்டை பிடிக்கும். அண்ணை திரும்பவும் கிணத்தடியிலையிருந்து எண்ணத் தொடங்குவார்...

கடைசியா அவரைக் கண்டது தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்விலை. நாவற்குழிப் பாலம். மழை. சனம் அடி அடியா நகருது. சைக்கிளை உருட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்திலை வந்திட்டார்.

அம்மா எங்கை, ஆரிட்டைப் போறாய் எண்டெல்லாம் கேட்டார்.

"பிள்ளை, அண்டைக்கு அந்த மனிசிக்கு நான் என்ன சொல்லியிருக்கவேணும்?"

ஐஞ்சு வருசத்துக்குப் பிறகு கேக்கிறார். நான் மழையைத் துடைக்கிறமாதிரி முகத்தைத் துடைச்சன். பின்னாலை ஒரு மாட்டுவண்டில் இடிச்சுக்கொண்டு வர, சனம் எங்களைப் பிரிச்சுப்போட்டுது. அவற்றை கரியரிலை கட்டியிருந்த சாக்கு கொஞ்சத்தூரம் தெரிஞ்சது.

நானும்தானே தலையாட்டினனான் அண்ணை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்... சொல்லேல்லை. பேந்து எத்தினை வருசமா அவற்றை ஃபோன் நம்பர் என்னட்டை இருந்தது. அப்பவும் சொல்லேல்லை.

கிரியை நாளைக்கு, வட்டுக்கோட்டை வீட்டிலை. கிட்ட இருக்கிறவை ஒருக்காப் போங்கோ.

போட்டு வாங்கோ அண்ணை.