சத்தம் அடங்குகிற பக்கம்

ஏரியல் டீச்சர் முதலில் தன் வீட்டு மெயின் ஸ்விட்சைத்தான் இறக்குவார். மின்விசிறி தயங்கித் தயங்கி நிற்கும். உள்ளறையில் மதியத் தூக்கத்தில் இருக்கும் கணவர் கண்ணைத் திறக்காமலே, "கரண்ட் போச்சா, நீ போக வச்சியா?" என்பார்.

"நான்தான். ரெண்டே நிமிஷம்."

டீச்சரின் இரண்டு நிமிஷம் எத்தனை நீளம் என்பது இருபத்திரண்டு வருஷமாக அவருக்குப் பழக்கம். தலைமாட்டில் தயாராக மடித்து வைத்திருக்கும் செய்தித்தாளை எடுத்து விசிறிக்கொள்ளத் தொடங்குவார்.

வீட்டில் மின்சாரம் முழுக்க நின்றதும், லாரி பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டியின் முன் டீச்சர் உட்காருவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையைச் சற்றே சாய்ப்பார். இரைச்சல் நின்றிருந்தால் குற்றவாளி வீட்டுக்குள். இன்னும் கேட்டால் வெளியே. "ஊரான் வீட்டைச் சோதனை போடறதுக்கு முன்னாடி நம்ம வீட்டைப் போட்டுடணும். இல்லாட்டி நாலு பேர் முன்னாடி அசடு வழியணும்" என்பார்.

அவர் டீச்சர் இல்லை. பெண்கள் பள்ளியொன்றின் ஆய்வகத்தில் உதவியாளர். யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால், "நான் குடுவை கழுவறவங்க" என்று திருத்துவார், தெரு கேட்பதாயில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் ஓர் இரும்புக் குழாய்க்கும் நடுவே அவர் இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியால் வந்தது ஏரியல். அந்தக் கம்பி வழியாக, உரிமம் வாங்கி, கடல்களுக்கு அப்பால் இருப்பவர்களோடு பேசுகிறார். "எனக்குப் பேச இவ ஒருத்தி. இவளுக்குப் பேச உலகமே இருக்கு" என்பது கணவரின் நிரந்தரப் புகார்.

பள்ளி விட்டு இரண்டரைக்கு வீடு திரும்பினால், மூன்று மணிக்கு ஒரு காவலாளி வருவார். வேறொரு கண்டத்தில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையொன்றின் காவல் கூண்டில் இருக்கும் மனிதர். அவர் குரல் பொரிகடலையில் ஒரு மிளகு மாதிரி, தேடித்தான் எடுக்க வேண்டும். தெருவில் யாராவது மட்டமான சார்ஜர் ஒன்றைச் செருகினால் போதும், காவலாளி காணாமல் போய்விடுவார்.

ஆகவே டீச்சர் இரைச்சல் பிடிக்கக் கிளம்புவார். எனக்கு அவர் அறிமுகமானதும் அப்படித்தான். நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த மூன்றாம் நாள் கதவைத் தட்டினார். ஒரு கையில் சின்ன ரேடியோ, மறு கையில் துணிப்பை. "தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல ஒண்ணு அழுதுக்கிட்டே இருக்கு" என்றார். நான் கதவை விட்டு விலகி வழிவிட்டேன். கூடத்து மூலையில் என் கம்ப்யூட்டரின் சார்ஜர் இருந்தது. ரேடியோவை அதன் அருகே கொண்டுபோனதும் நிஜமாகவே ஓர் அழுகை கேட்டது; மூச்சு விடாத, ஒரே சுருதி அழுகை. பையிலிருந்து கறுப்பு வளையமொன்றை எடுத்து, சார்ஜர் வயரை அதில் ஏழு சுற்றுச் சுற்றினார். அழுகை தேய்ந்து நின்றது. "தூங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எந்தச் சத்தம் எந்தச் சாமான் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். மீன் தொட்டியின் சூடேற்றி ஒரு மாதிரி, கெட்டுப்போகவிருக்கும் பல்பு ஒரு மாதிரி. போன வருஷம் ஒரு மின்கம்பத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டதைப் பார்த்த தபால்காரர், சைக்கிளை எதிர்ச் சாரிக்குத் திருப்பிக்கொண்டார்.

டீச்சருக்கே பெயர் தெரியாத சத்தம் ஒன்று வந்தது அதற்குப் பிறகுதான்.

ர்ர்ர் என்று ஒரு கரகரப்பு. சில நொடிகள் இருக்கும், நிற்கும், மறுபடி வரும். காவலாளியின் குரலைக் குறுக்கே வெட்டும். மெயினை இறக்கிப் பார்த்தார், நிற்கவில்லை. தெருக்கோடியில் இருக்கும் அச்சகத்தின் மோட்டாராக இருக்கும் என்று நினைத்து, அங்கே போய் எல்லா இயந்திரங்களையும் இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொன்னார். அச்சகக்காரர் நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. "தெருவுக்கே இளைச்சவன் நான்தானா?" என்று அவர் இயந்திரங்களை மறுபடி ஓடவிட்டார்.

வானொலிப் பெட்டியில் இந்த மாதிரி வெட்டுச் சத்தங்களை மழுப்பிக் காட்ட ஒரு பட்டன் உண்டு. விட்டு விட்டு வருகிற சத்தத்தைத் துரத்தி இரண்டு மாதம் தோற்ற டீச்சர் அதை அமுக்கிவிட்டார். இரைச்சல் அடங்கி, காவலாளி திரும்ப வந்தார். நாற்பது நாள் அப்படியே ஓடியது.

ஒருநாள் ஏதோ தோன்றிப் பட்டனை விடுவித்தார். சத்தம் இன்னும் இருந்தது. அன்றிலிருந்து ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினார்: எப்போது வந்தது, எத்தனை நொடி. பத்து நாள் குறித்த பிறகு நோட்டை என்னிடம் காட்டினார்.

"பாருங்க. காலையில நல்லா நீளமா வருது. சாயங்காலம் ஆக ஆகக் குட்டையாகுது. நடுவுல இழுக்குது, விட்டுடுது, மறுபடி பிடிக்குது. மிஷின் இப்படிப் பண்ணாது."

"ஏன்?"

"மிஷினுக்குச் சலிக்காதே. இது சலிச்சுக்குது."

அப்போது மதிய வெயில் ஜன்னல் வழியாக மேஜை மேல் பளீரென்று விழுந்திருந்தது. பயப்படுவதற்கான நேரமே இல்லை அது. ஆனாலும் நான் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். டீச்சர் ஹெட்போனை என் காதில் வைத்தார். ர்ர்ர். நின்றது. ர்ர். பிறகு நெடுநேரம் வெறும் காற்று. அதன்பின், நகம் பட்டதைப் போல் ஒரு துளி: ர்.

மறுநாள் சத்தம் காலையில் ஆரம்பித்து மூன்று மணி நேரம் ஒரே பிடியாக இருந்ததாம். டீச்சர் பள்ளியில் இருந்தார். வீட்டில் இருந்த கணவர்தான் கேட்டுவிட்டுச் சொன்னார். "மூணு மணி நேரமா ரேடியோவைப் போட்டே வச்சிருந்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, அணைச்சுட்டேன்." அவர் அணைத்த பிறகு எப்போது நின்றது என்று தெரியாது. டீச்சர் வந்து போட்டபோது ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் ஒன்றுமில்லை. அலைவரிசை துடைத்து வைத்த தரை மாதிரி சுத்தமாக இருந்தது. காவலாளி உற்சாகமாகக் கூப்பிட்டார். டீச்சர் பதில் சொல்லவில்லை.

"எப்ப நிக்கும் எப்ப நிக்கும்னு கிடந்தேன். நின்னதும் அதைத்தான் தேடுறேன்" என்றார். சத்தம் இல்லாமல் இடத்தைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு நாள் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கணவர் சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தார். குறை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை பதினொன்றுக்கு என் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. "வந்திருக்கு. வாங்க."

செம்புக் குழாயை வட்டமாக வளைத்துச் செய்த ஏரியல் ஒன்று அவரிடம் உண்டு, சைக்கிள் சக்கர அளவில். அதைச் சின்ன ரேடியோவோடு இணைத்துத் தெருவில் நின்று மெதுவாகத் திருப்பினார். நான் பக்கத்தில் துணிப்பையோடு நின்றேன். சத்தம் ஒரு திசையில் கூடுவதைக் கேட்டு, "அந்தப் பக்கம்தானே?" என்றேன்.

"கூடுற பக்கம் போனா ஏமாந்துடுவோம். வளையத்தைத் திருப்பிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல சத்தம் சுத்தமா அடங்கும். அப்ப வளையம் யாரை முகம் பார்த்து நிக்குதோ, அங்கதான் ஆள்."

ஆள் என்றுதான் சொன்னார்.

வளையம் திரும்பியது. கரகரப்பு தேய்ந்து, ஒரு கோணத்தில் இல்லாமலே போனது. நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். எதிரே அச்சகம். அதன் மேல்மாடியில் மூடிய ஜன்னலொன்று, வெளுத்த நீலத் திரையோடு.

அச்சகக்காரர் இயந்திரத்தை நிறுத்தாமலே, "மறுபடியுமா?" என்றார். அவர் மனைவி பின்பக்கச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வரட்டுமே, பார்த்துட்டுப் போகட்டும்" என்று எங்களைக் கூப்பிட்டார். உள்ளே போகப் போக டீச்சரின் கையிலிருந்த ரேடியோ உறுமத் தொடங்கியது. சமையலறையில் அது அலறியது. ஒலியைக் குறைத்தார். அடுப்பு அணைந்திருந்தது, குளிர்பெட்டி நின்றிருந்தது. முன்புறத்து அச்சு இயந்திரத்தின் தடதடப்பைத் தவிர அந்த அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

அலமாரிக்கு மேலே சுவரில் ஒரு சின்னப் பெட்டி. சுவரோடு சேர்த்து வெள்ளையடிக்கப்பட்டிருந்தது.

"அது என்னங்க?"

"மணி. மேல எங்க வீட்டுக்காரரோட அக்கா படுத்திருக்காங்க. வாதம் வந்து வாயும் ஒரு பக்கமும் போயிடுச்சு. ஏதாவது வேணும்னா கூப்பிடறதுக்கு ஸ்விட்ச் கையில கொடுத்திருக்கோம்." பிறகு, கொஞ்சம் பெருமையாகவே, "முன்னல்லாம் ஒரு நாளைக்கு இருபது தடவை அடிப்பாங்க. இப்ப நாலு மாசமா அண்ணி அடிக்கிறதே இல்லை. ரொம்பப் பக்குவமாயிட்டாங்க. வேளாவேளைக்கு நாங்களே போய்ப் பார்த்துக்கறோம்" என்றார்.

டீச்சர் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல், "நாலு மாசம் முன்னாடி பெயின்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. எப்படித் தெரியும்?"

"இங்க வந்து கையை வச்சுப் பாருங்கம்மா."

அவர் ஏறிக் கையை வைத்தார். பெட்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

மூடியைக் கழற்றியபோது நானும் பார்த்தேன். சுத்தியல் பட்டு ஒலிக்க வேண்டிய கிண்ணம் இல்லை. சுவருக்கு வெள்ளையடித்தவன் கழற்றிய மணிக்கிண்ணத்தைத் திரும்ப மாட்டவில்லை. கிண்ணம் இருந்த வெற்றிடத்தில் சின்னச் சுத்தியல் ஒன்று காற்றை அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு நீலப்பொறி; அதுதான் ரேடியோவில் ர்ர்ர் என்று கேட்டது. அது வேகமாக அடித்தது, தளர்ந்தது, நின்றது. மறுபடி ஒரே ஓர் அடி.

"ஐயோ அண்ணி" என்று அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

இயந்திரம் நிறுத்தப்பட்டது. அச்சகக்காரர் மை படிந்த கையோடு மாடிக்கு ஓடினார். பின்னாலேயே நாங்களும் போனோம். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். படுக்கை சுத்தமாக இருந்தது. தண்ணீர், பழம், விசிறி எல்லாம் இருந்தன. இடது கைப் பெருவிரல் மட்டும் ஸ்விட்சின் மேல் கிடந்தது, தோல் உரிந்து.

"அக்கா, மணி கெட்டுப்போச்சுக்கா. எங்களுக்குக் கேக்கவே இல்லை. நீ கூப்பிடலைன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தோம்."

அவர் திரும்பவில்லை. நாலு மாதம் கூப்பிட்டும் யாரும் வராததை அவர் வேறு விதமாகத்தான் புரிந்துகொண்டிருந்தார். ஆட்கள் அறைக்குள் வரும் வேளைகளில் ஒருமுறைகூட அந்த ஸ்விட்சை அவர் தொட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள். கேட்டும் வராதவர்களை, வந்தபின் எதற்குக் கூப்பிடுவது?

மாடிப்படியில் டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பட்டனை அமுக்கி நாப்பது நாள் அவங்க வாயைப் பொத்தியிருக்கேன்" என்றார். ஆறுதல் எதையும் ஏற்கக்கூடிய முகமாக அது இல்லை.

கிண்ணம் பரண்மேல், காய்ந்த பெயின்ட் டப்பாவுக்குள் கிடந்தது. டீச்சரே சுரண்டித் துடைத்து மாட்டினார். கீழிருந்து, "இப்ப அழுத்தச் சொல்லுங்க" என்று குரல் கொடுத்தார். மேலே தம்பி கெஞ்சுவது கேட்டது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மணி அடித்தது.

அந்த அம்மாள் ஈரக்கையோடு, "வந்துட்டேன் அண்ணி, இதோ வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே படியேறினார். அவர் மேலே போய்ச் சேர்ந்த பிறகும் மணி நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கடைசியில் அச்சகக்காரர் இறங்கி வந்தார். கண்களைத் தோளில் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு இதனால ரேடியோவுல தொந்தரவுதானேங்க. அதுக்கு ஏதாவது போடணும்னா போட்டுடுங்க" என்றார்.

டீச்சர் முக்காலியில்தான் நின்றிருந்தார். பையிலிருந்து புளியங்கொட்டை அளவுள்ள ஒரு கன்டென்சரை எடுத்தார். பொறி பறக்கும் அந்தத் தொடுமுனைகளுக்குக் குறுக்கே அதைப் பற்றவைத்தால் பொறி அதற்குள்ளேயே அடங்கிவிடும். மணி அடிக்கும், ரேடியோவில் ஒரு முணுக்கும் கேட்காது. அதன் இரண்டு கால்களையும் விரலால் நேராக்கினார். மேலே மறுபடி ஸ்விட்ச் அழுந்தியது. கிண்ணத்துக்குப் பக்கத்தில் நீலப்பொறி துள்ளுவதை அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கன்டென்சரைப் பைக்குள் போட்டுவிட்டு, மணிப்பெட்டியின் மூடியை வைத்துத் திருகாணியை முடுக்கினார்.