உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

வண்டி ஓடுகிற வரைக்கும் மெக்கானிக் ஞாபகம் யாருக்கும் வராது. நின்றுவிட்டால் வேறு ஞாபகமே வராது. பழைய வேன் வைத்து அவதிப்படும் அன்பர்களுக்கும், அதைப் பழுது பார்த்து அதைவிட அவதிப்படும் என் சக தொழிலாளர்களுக்கும் இது தெரிந்ததுதான். மரக்காணத்தில், உப்பளத்தைப் பார்த்தபடி ரோட்டோரம் இருக்கிறது என் மெக்கானிக் செட். என்னை ஆட்டிவைத்தது அந்தோணியின் டீசல் வேன். அதற்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. விடியற்காலையில் பன்னிரண்டு பெண்களை ஏற்றிப் போய் உப்பளத்தில் இறக்குவது அந்தோணியின் பிழைப்பு. வெயில் ஏறுவதற்குள் உப்பு வார ஆரம்பிக்க வேண்டும். வேன் தாமதமானால் அன்றைக்குப் பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை.

ஏர் லாக்

முதல் தடவை அவன் கூப்பிட்டபோது, எஞ்சினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. "டீசல் லைன்ல ஏர் புகுந்துடுச்சி" என்று பார்த்தவுடனே சொன்னேன். பார்த்தவுடனே சொல்வதில் ஒரு கெத்து இருக்கிறது. ஃபில்டரைக் கழற்றினேன், பைப்பைக் கழற்றினேன், கைப் பம்பை அடித்து அடித்துத் தோள்பட்டை விட்டுப் போனது. சட்டையெல்லாம் டீசல்.

முன் சீட்டில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தார். அந்தப் பன்னிரண்டு பேரில் அவர் சொல்வதுதான் பேச்சு. பழைய டீசல் வண்டியில் எஞ்சினை நிறுத்த டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும், இழுத்தால் டீசல் நின்றுவிடும். அதில்தான் தன் சோற்றுப் பையை மாட்டியிருந்தார். கனத்தில் குமிழ் இழுபட்டே கிடந்திருக்கிறது. என் கண்ணில் படுவதற்கு முன் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"அண்ணே, என் பைய எடுத்துட்டேன், இப்பப் போட்டுப் பாருங்க."

புது பேட்டரி

அந்த அவமானம் ஆறுவதற்குள் மழைக்காலம் வந்து போனது, உப்பளத்தோடு வேனும் சும்மா கிடந்தது. தை பிறந்து உப்பளத்தில் வேலை தொடங்கிய வாரமே வேன் மறுபடி மக்கர் செய்தது. இந்தத் தடவை சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் செட்டுக்குத் தள்ளிவரச் சொல்லி, அங்கிருந்த இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டேன், உடனே ஸ்டார்ட் ஆனது. "பேட்டரி போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிப் புதுசு மாட்டினேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் 'டக்'. அப்படியானால் செல்ஃப் மோட்டார் என்றேன். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் அதையும் பிரித்துச் சரிபார்த்து மாட்டினோம். 'டக்'.

கடைசியில், எதற்கும் அகப்படாத பழுதுக்கெல்லாம் இந்த ஊரில் நாங்கள் வைத்திருக்கும் காரணத்தைச் சொன்னேன்: எல்லாம் உப்புக் காற்று. அந்தோணி விடவில்லை.

"உப்புக் காத்து உங்க செட்டுல அடிக்காதா அண்ணே? இங்க வந்தா மட்டும் கேபிள் போட்டதும் நல்லா ஸ்டார்ட் ஆவுதே."

தள்ளு

அதன்பின் தினமும் தள்ளித்தான் கிளப்பினார்கள். தள்ளுவது அந்தப் பெண்கள்தான். நாளெல்லாம் உப்பு சுமக்கிற தோள்களால், வேலைக்குப் போவதற்கு முன்பே ஒரு வேனையும் நகர்த்தினார்கள். இரண்டு தடவை தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். இன்னொரு தடவை தாமதமானால் வேறு வேன் பேசிவிடுவேன் என்று உப்பள மேஸ்திரி சொல்லிவிட்டார். அதை அந்தோணி என்னிடம் வந்து சொன்னான். மறுநாள் விடியலில் நானே போய்ப் பின்னால் நின்று தள்ளினேன். கஸ்தூரி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"நாங்க உப்பளத்துக்கு வேலைக்குப் போறோமா, இந்த வண்டிக்கு வேலைக்கு வந்திருக்கோமா?"

சுடுகிற கேபிள்

அன்று பனியில் எஞ்சின் குளிர்ந்து கிடந்தது, தள்ளியும் கிளம்பவில்லை. கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. முன் சீட்டில் ஏறி, அந்தோணியைச் சாவி திருப்பச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டேன். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த கஸ்தூரி, "அண்ணே, சாவி திருப்பும்போதெல்லாம் காலாண்ட போற இந்தக் கேபிள் சுடுது. நாலு நாளா சொல்லிக்கினு இருக்கேன், யாரும் காதுல வாங்கல" என்றார். கரன்ட்டே போகாத ஆக்ஸிலரேட்டர் கேபிள் எங்கேயாவது சுடுமா என்று அலட்சியமாகத் தொட்டேன். விரல் பொரிந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மோட்டாருக்குப் போன கரன்ட் திரும்பி வர வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிளில் புகுந்து வருகிறது. அதாவது, எஞ்சினிலிருந்து வண்டிச் சட்டத்துக்கு, அதான் சேசிஸுக்கு, போகும் எர்த் ஒயரில் கோளாறு. வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். உப்புக்குத் துரு பிடிக்காமலிருக்க மழைக்கு முன்னால் வண்டியின் அடியில் கறுப்பு பெயிண்ட் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். மற்ற மெக்கானிக்குகள் ஒரு கை அடிப்பார்கள், நான் இரண்டு கை அடிப்பேன், இந்த வேனுக்கும் அப்படித்தான். அடிப்பதற்காகக் கழற்றிய எர்த் ஒயரை அந்த பெயிண்ட்டின் மேலேயே வைத்துப் போல்ட்டை முடுக்கியிருந்தேன். பெயிண்ட்டில் கரன்ட் போகாது என்பது வேலை பழகிய முதல் வாரம் கற்ற பாடம். செட்டில் நான் போட்ட கேபிளின் ஒரு முனை நேரே எஞ்சினைக் கடித்துக்கொண்டிருந்தது, அதனால்தான் அங்கே மட்டும் ஸ்டார்ட் ஆனது.

அந்த இடத்தில் பெயிண்ட் போக உப்புத்தாள் போட்டுப் பத்து நிமிடம் தேய்த்து ஒயரை மாட்டினேன். ஒரே திருப்பு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் வெயில் வந்துவிட்டது. நானும் கூடவே போனேன். தப்பு அந்தோணியுடையது இல்லை, வேனுடையதும் இல்லை, என்னுடையது என்று பன்னிரண்டு பெண்கள் முன்னால் மேஸ்திரியிடம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் என் கறுத்த கையைப் பார்த்தார், பெண்களைப் பாத்திக்கு இறங்கச் சொல்லிக் கைகாட்டினார், பிறகு அந்தோணி பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, வண்டி இருக்கட்டும், நீ மெக்கானிக்க மாத்து."

இந்த வேனில் நான் சந்தேகப்பட்டுக் கழற்றாத பாகமே இல்லை, என் கையால் முடுக்கிய அந்த ஒரு போல்ட்டைத் தவிர.