நான் அழித்த வெள்ளைப் புள்ளி

என் மகளின் நோயை நான்கு மாதம் என் கையாலேயே அழித்துக்கொண்டிருந்தேன். குணமாக்கினேன் என்று சொல்லவில்லை. படத்திலிருந்து அழித்தேன். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது சாட்சி ஆகாது, பெருமையடிப்பதாகிவிடும். அதனால் நம் அன்பியத்தின் செபக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாரிடமும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆரோக்கியராஜ். 1993-இல் திண்டிவனத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்தேன். எங்கள் தொழிலில் படத்தைத் திருத்துவதை டச் பண்ணுவது என்போம். பருவை எடுப்பேன், வழுக்கையில் முடி வைப்பேன், மாப்பிள்ளையைப் பெண்ணின் நிறத்துக்குக் கொண்டுவருவேன். இந்த ஊரில் கறுப்பாக உள்ளே வந்து சிவப்பாக வெளியே போனவர்கள் எத்தனையோ பேர். இருப்பதை இருக்கிறபடி விட எனக்குக் கை வராது. அது தொழில் புத்தி என்று நினைத்திருந்தேன்.

கல்யாணமாகி எட்டு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் போகாத கோவில் இல்லை, சொல்லாத நவநாள் செபம் இல்லை. கடைசியில் நான் ஒரு நேர்ச்சை நேர்ந்துகொண்டேன். மெழுகுவர்த்தி, மொட்டை எல்லாம் எல்லாரும் செய்வது. நான் படம் எடுப்பவன். குழந்தை கொடுத்தால் தினமும் ஒரு படம், வீட்டுப் பீடத்தின் முன்னால் வைத்து எடுத்து உமக்குக் காட்டுகிறேன் ஆண்டவரே என்றேன். 2006-இல் அமலி பிறந்தாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. அந்த அறையில் வெளிச்சம் கிடையாது. ஃப்ளாஷ் போட்டுத்தான் எடுப்பேன்.

இருட்டில் ஃப்ளாஷ் அடித்தால் கண்மணி சிவப்பாக விழும். கம்ப்யூட்டரில் அதைக் கறுப்பாக்குவது ஒரு நிமிட வேலை. 2007 நவம்பர் வாக்கில் அமலியின் இடது கண்ணில் சிவப்புக்குப் பதிலாக வெள்ளையாக ஒரு புள்ளி விழ ஆரம்பித்தது. எல்லாப் படத்திலும் இல்லை, அவள் பார்வை கொஞ்சம் ஒதுங்கியிருந்தால் மட்டும். ஃப்ளாஷ் கோளாறு என்று நினைத்தேன். சிவப்பை அழிப்பதுபோல வெள்ளையையும் அழித்தேன். ஒரிஜினலை சிடியில் ஏற்றிவிட்டு, அழகாக்கியதைப் பீடத்தில் வைத்து நன்றி சொன்னேன்.

ஸ்டெல்லா ஒரு நாள் சொன்னாள். "என்னாங்க, பொழுது சாயற நேரத்துல பாப்பா கண்ணு ஒரு மாதிரி மின்னுதுங்க. பூனைக் கண்ணு மாதிரி."

"அது வெளிச்சம். பதினாலு வருசமா வெளிச்சத்தோடதான் மாரடிச்சிக்கினு இருக்கேன். எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

2008 தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. காலைப் பூசையில் பிறவியிலேயே பார்வை இல்லாதவனுக்குப் பார்வை கிடைத்த நற்செய்தி வாசிக்கப்பட்டது. பிரசங்கத்தில் சாமியார் சொன்னார்: "கண்ணு தெரியாதவன் ஒத்துக்கினான், எனக்குத் தெரியலன்னு. கண்ணு நல்லா இருந்தவங்கதான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல." நான் அப்போது, இந்த மனிதர் நிற்கும் இடத்தில் முகத்தில் நிழல் விழுகிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தோம். தவக்காலம், அதனால் கறி கிடையாது. கேப்பைக் களி, கீரைக் குழம்பு. சாப்பிட்டுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அமலிக்கு இரண்டாவது பிறந்தநாள் வரப்போகிறது. ஆல்பம் போட வேண்டும். ஒரிஜினல் சிடியைப் போட்டு ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாதது வரிசையாகப் பார்த்தபோது தெரிந்தது. நவம்பரில் கடுகளவு. கிறிஸ்துமஸ் சமயத்தில் மிளகளவு. பிப்ரவரியில் கண்மணி முழுக்க வெள்ளை. ஒரு தடவைகூட வலது கண்ணில் இல்லை. ஃப்ளாஷ் கோளாறு என்றால் இரண்டு கண்ணுக்கும் பொதுவாகத்தானே இருக்க வேண்டும்? உள்ளே இருக்கும் ரத்தத்தில் வெளிச்சம் பட்டுத்தான் சிவப்பு வருகிறது. வெள்ளை வருகிறது என்றால் வெளிச்சத்தை ஏதோ ஒன்று மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இது தொழில் தெரிந்தவனுக்குத் தெரிய வேண்டிய விஷயம். எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசித்துப் பார்க்காமல் அழித்தேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது.

அமலி பாயில் பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் உள்ளங்கையால் அவள் இடது கண்ணை மூடினேன். அவள் கவலையே படவில்லை, தன் பாட்டுக்கு பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கையை மாற்றி வலது கண்ணை மூடினேன். வீல் என்று கத்தி என் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி இடது கண்ணை மூடினேன். பேசாமல் விளையாடினாள். மறுபடி வலது. மறுபடி கத்தினாள்.

"எதுக்குப் புள்ளையை அழ வுடறீங்க?" என்று சமையற்கட்டிலிருந்து ஸ்டெல்லா கேட்டாள். நாளைக்கு விழுப்புரம் போய் பாப்பா கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை விழுப்புரத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, "நாளைக்கே மெட்ராஸ் போங்க. தள்ளிப் போடாதீங்க. கண்ணுக்குள்ள கட்டி மாதிரி தெரியுது," என்றார்.

திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே அவித்த வேர்க்கடலையை மல்லாட்டை, மல்லாட்டை என்று கூவி விற்றுக்கொண்டு போனார்கள். அங்கேதான் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு மாதமாகப் படத்தில் இருந்தது, நான் அழித்தது, எல்லாம்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சொன்னேனே. வெளிச்சம்னு சொன்னீங்களே."

அவ்வளவுதான். திண்டிவனம் வரும்வரை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்குள் நுழைந்ததும் என் கையில் செபமாலையைத் திணித்தாள். "உங்க மேல எனக்கு இருக்கற கோவத்தை அப்புறம் வச்சிக்கறேன். இப்ப முட்டி போடுங்க," என்றாள்.

மெட்ராஸ் கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். கண்ணுக்குள் புற்றுநோய். "கண்ணைக் காப்பாத்த முடியாதுங்க. அதை எடுத்துடணும். நரம்பு வழியா மூளைக்குப் போயிருக்கான்னுதான் இப்ப எங்களுக்குக் கவலை. எடுத்து டெஸ்ட் பண்ணாதான் தெரியும்," என்றார்.

நான் பேரம் பேசுபவன். ஆண்டவரிடமும் பேரம் பேசினேன். இரண்டு கண்ணையும் கொடும், என் கண்ணை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும், ஸ்டுடியோவை மூடிவிடுகிறேன் என்றெல்லாம் வராந்தாவில் நின்று புலம்பினேன். ஆபரேஷன் நடந்தது. கண் போய்விட்டது.

கட்டுப் போட்டு வெளியே கொண்டுவந்தார்கள். அன்றைக்கு நான் காமிராவை எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை. ஸ்டெல்லாதான் பையைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

"எடுங்க. நேர்ந்துக்கினது நேர்ந்துக்கினதுதான். அழகா இருந்தா மட்டும் எடுக்கறதுக்கா நேர்ந்துக்கினீங்க?"

எடுத்தேன். முகத்தில் பாதி பஞ்சும் பிளாஸ்திரியும். படமும் ஆடிப்போயிருந்தது. அன்றிலிருந்து என் மகளின் படத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் திருத்தியதில்லை.

ரிப்போர்ட் வரும்வரை எட்டு நாள். சோறு இறங்கவில்லை. ஃபோன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன். பேரம் பேசும் தெம்பும் போய்விட்டது. ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை, நீர் பாரும் என்று மட்டும் சொன்னேன். செபமாலையின் ஐம்பது மணியிலும் அதையேதான் சொன்னேன். அந்த ஞாயிறு சாமியார் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தின் புதன்கிழமை டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "நரம்பு சுத்தமா இருக்கு. வெளிய எங்கயும் பரவல. இன்னொரு கண்ணும் நல்லா இருக்கு," என்றார். ஸ்டெல்லா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். தினம் ஒரு படம் எடுத்ததைச் சொன்னேன். நான் அழித்ததையும் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். பிறகு, "இன்னும் ரெண்டு மூணு மாசம் போயிருந்தா நான் இப்படிச் சிரிச்சிக்கினு பேசிக்கினு இருக்க மாட்டேன்," என்றார்.

நான் ஆண்டவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்த காணிக்கையை வைத்தே அவர் என் குழந்தையைக் காப்பாற்றினார். நான் கேட்டது இரண்டு கண். அவர் எனக்குக் கொடுத்தது என் மகளை. அந்த உயிர்ப்பு ஞாயிறன்று கண்ணில் கட்டோடு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பூசைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில் செக்கப், செயற்கைக் கண் வைப்பது, அது பொருந்தாமல் பேஜாராகிக் கழற்றி மாற்றுவது என்று எல்லாம் இருந்தது. எளிது என்று சொல்ல மாட்டேன். ஸ்டெல்லா அப்புறம் வைத்துக்கொள்வதாகச் சொன்ன கோபத்தையும் மறக்காமல் தீர்த்துக்கொண்டாள். இன்றைக்கு என் ஸ்டுடியோவுக்குக் கைக்குழந்தை வந்தால் இரண்டு கண்ணையும் பெரிதாக்கிப் பார்க்காமல் படத்தைக் கொடுப்பதில்லை. போன வருடம் பனமலையிலிருந்து ஒரு விவசாயி குடும்பம் வந்தது. குழந்தையின் கண்ணில் சந்தேகம் வந்து டாக்டரிடம் அனுப்பினேன். அந்த அப்பா திரும்பி வந்து, "ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. எங்க எல்லாரையும் ரெண்டு நாளு சாவடிச்சிட்டியேய்யா," என்று கடை வாசலில் நின்று திட்டினார். அவ்வளவு சந்தோஷமாக வாழ்நாளில் நான் திட்டு வாங்கியதில்லை.

உங்கள் வீட்டிலும் நீங்களே அழித்துக்கொண்டிருக்கும் வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கலாம். அதைத் திருத்தாமல் அப்படியே அவர் முன்னால் வையுங்கள். எனக்குத் தெரியவில்லை, நீர் பாரும் என்று சொல்லுங்கள். கேட்டதையே தருவாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உங்களைக் கைவிட மாட்டார் என்று மட்டும் என் மகளைக் காட்டிச் சொல்வேன்.

அமலிக்கு இப்போது பதினோரு வயது. தினப்படத்தை இப்போது அவள்தான் எடுக்கிறாள், அதற்கு என்னை நிற்க வைக்கிறாள். போன ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் என் காமிராவை அவள் தூக்கியபோது பாடகர் குழு அக்கா ஒருத்தர் கேட்டார், "ஒத்தக் கண்ணுல சரியாத் தெரியுதாம்மா உனக்கு?"

"படம் எடுக்கறவங்க எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கினுதான் எடுக்கறாங்க ஆன்ட்டி. எனக்கு அந்த வேலை மிச்சம்," என்று சொல்லிக்கொண்டே என்னைப் படம் எடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். அவள் சொன்னதைக் கேட்டு அழுதிருக்கிறேன் போலிருக்கிறது. கண் இரண்டும் செக்கச்செவேலென்று வீங்கி, மூக்கும் சிவந்து, பார்க்கவே சகிக்கவில்லை.

"டச் பண்ணட்டுமாப்பா?" என்றாள்.

"வேணாம்மா. இருக்கறபடியே பிரிண்ட் போடு," என்றேன். அந்தப் படம் இப்போது எங்கள் பீடத்தில் இருக்கிறது.