ஊசி போட்ட கை

மூலக்குளம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். கொரோனா ஊசி போட்ட நாட்களில் இந்தக் கையால் எத்தனை பேருக்குக் குத்தினேன் என்று எனக்கே தெரியாது. சிலருக்குக் காய்ச்சல் வந்தது, கை வலித்தது. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார்கள், மறந்தார்கள். பக்கவிளைவு எழுத வைத்திருந்த நோட்டில் இரண்டு பக்கம்கூட நிரம்பவில்லை.

மூன்று வருஷம் கழித்து டிவியில் அந்த ஊசியைப் பற்றி ஒரு செய்தி வந்தது. அரிதாக யாருக்காவது ரத்தம் உறையலாம் என்றார்கள். அந்த 'அரிதாக' மட்டும் யார் காதிலும் விழவில்லை. மறுநாள் காலை வாசலில் வரிசை. முடி கொட்டுகிறது, முட்டி வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, எல்லாம் ஊசியால். வாட்ஸ்அப்பில் புதிதாக ஒரு வீடியோ சுற்றினால், அதில் சொன்ன வலியோடு பத்துப் பேர் வருவார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டாக்டர் எல்லார் பெயரையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன். ஆனால் செய்தி பார்த்துவிட்டு வந்தவர் என்று எனக்குத் தோன்றினால், பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் 'டிவி' என்று குறித்துவைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. என் கெட்டிக்காரத்தனம்.

என் அக்கா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து நேரே என்னிடம் வந்தாள்.

"இடது கை ஒரு மாதிரி இழுக்குதுடி. படி ஏறினா மூச்சு வாங்குது."

"ஊசி போட்ட கையா?"

"ஆமா, அதே கைதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயுமா? டிவியைக் கொஞ்சம் அணைச்சு வை, எல்லாம் சரியாப் போயிடும்."

வரிசையில் நின்ற அத்தனை பேர் எதிரில் சொன்னதில் அவளுக்கு வெட்கம். டாக்டரைப் பார்க்காமலே "சரி, வரேன்டி" என்று கிளம்பிவிட்டாள். பெயரை எழுதினேன். பக்கத்தில் 'டிவி' என்று போட்டேன்.

நாலாம் நாள் பஸ்ஸுக்கு நடந்தவள் ரோட்டிலேயே விழுந்தாள். மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். அடைப்பு ரொம்ப நாளாக இருந்திருக்கிறதாம், முன்னாலேயே காட்டியிருந்தால் பிழைத்திருக்கலாமாம்.

சாவு வீட்டில் டிவி துணி போர்த்திக் கிடந்தது. "ரிப்பேராயி மூணு மாசம் ஆவுது" என்றார் அக்கா வீட்டுக்காரர். அவளிடம் இருந்ததோ பட்டன் போன். அவள் எந்தச் செய்தியையும் பார்த்திருக்கவில்லை. வலித்தது, வந்தாள், அவ்வளவுதான்.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஊசியாலதான்னு சொல்லுங்கண்ணே, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். அக்கா வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"சொல்லும்மா, அந்த ஊசிதான் கொன்னுச்சா?"

தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். பழி ஊசியோடு போயிருக்கும்.

"ஊசி இல்ல மாமா. நாலு நாள் முன்னாடி என்னாண்ட வந்து சொன்னா. டிவி பாத்துட்டு வந்திருக்கான்னு நெனச்சி நான்தான் அனுப்பிட்டேன்."

போன் கீழே இறங்கியது. வீடியோ எடுத்தவருக்கு வேண்டிய செய்தி இது இல்லை. மாமா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் அதற்குத் தகுந்தவள்தான்.

இப்போது யார் வந்தாலும், முடி கொட்டுகிறது என்று வந்தால்கூட, முதலில் கையைப் பிடித்து நாடி பார்க்கிறேன். என் அக்கா கையை நான் தொடவே இல்லை.